பழுதுற்ற வன்தட்டும் அதன் மீளமைப்பும்

நம் புதுவை நகரிற் பேணப்பட்டு வரும் சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்த்தது. ஓலை அழியினும் நூல் அழியாதிருத்தற்பொருட்டு, சுவடிகளைப் படமெடுத்துக் கணினியிற் சேமித்தல் இக்காலத்து வழக்கம். ஆயின், அப்படங்கள் தங்கும் வன்தட்டும் அழியும் இயல்பினதே. ஓலையைச் செல்லரிக்கப் பல்லாண்டு செல்லும். வன்தட்டோ ஒரு நாளிற் செயலற்றுப் போதல் கூடும். அதனை ஈடுசெய்யும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர், விலை குறைந்த பல தட்டுகளை ஓர் அணியாக இணைத்து, ஒன்று கெட்டாலும் செய்தி கெடாதவாறு காக்கும் முறைகளை வகுத்துரைத்தனர். அதற்கு ‘ரெய்டு’ என்று பெயர்.

அதன் உட்பொருளை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நான்கு தட்டுகள் உள எனக் கொள்க. மூன்றில் 7, 4, 9 என்னும் எண்களையும், நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20-ஐயும் எழுதுக. இரண்டாவது தட்டு பழுதுற்றால், 20-இலிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழிக்க, இழந்த 4 மீளக் கிடைக்கும். மெய்யான கருவி, கூட்டுத்தொகைக்கு மாறாக, 1 என்னும் இலக்கம் ஒற்றைப்படையாக வந்ததா, இரட்டைப்படையாக வந்ததா என்பதைக் குறித்து வைக்கும். இக்குறிக்குப் ‘பாரிட்டி’ என்று பெயர். ஐந்தாம் வகை ரெய்டில் இக்குறி எல்லாத் தட்டுகளிலும் பகிர்ந்து எழுதப்படும்.

1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்தார். அது புலமையால் தேர்ந்த முடிபு. இது கணக்கால் வரும் முடிபு. எஞ்சியவை பிழையற்றிருந்தாலன்றி இக்கணக்குக் கைகூடாது.

ஆதலின், புதிய தட்டைப் பொருத்தியவுடன் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணற்க. மீளமைப்பின்போது எஞ்சிய தட்டுகள் அனைத்தும் முற்றும் படிக்கப்படும். 8 டெராபைட் தட்டொன்றை வினாடிக்கு 150 மெகாபைட் வீதம் எழுதினும், முடியச் சற்றேறக்குறைய 15 மணி நேரமாகும். ஒரே காலத்தில் வாங்கிய தட்டுகள் ஒரே முதுமை உடையன. அவற்றுள் மற்றொன்று அவ்வேளையிற் கெடின், ஐந்தாம் வகை அணி முழுதும் பாழாம். இரண்டு இழப்பைத் தாங்குவது ஆறாம் வகையே.

எனவே, முதற்கண் வேறிடத்துள்ள படி நலமாயுள்ளதா எனக் காண்க. பின்னர்க் கெட்ட தட்டை அதன் வரிசை எண்ணால் உறுதி செய்க; நல்லதைக் கழற்றிவிடின் கேடு இரட்டிக்கும். புதியது பழையதனினும் கொள்ளளவிற் குறைதல் கூடாது. மீளமைப்பு முடிந்தபின் அணி முழுவதையும் சரிபார்க்க.

இன்னுமொன்று: ஒருவர் தவறுதலாக ஒரு படத்தை அழித்துவிட்டால், அணியும் அதனை அவ்வாறே அழித்துவிடும், பாரிட்டியால் அதனை மீட்டல் இயலாது. அதனை மீட்பது வேறிடத்து வைத்த படி ஒன்றே.