கதிரவனும் மரபணுவும் சர்க்கரை நோயும்

மேற்கே மலைத்தொடரும் கிழக்கே வெயில் காயும் வயற்பரப்பும் சூழ்ந்த வாசுதேவநல்லூரில் கதிரவனுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இத்தகைய வெயில் நாட்டிலேயே உயிர்ச்சத்து 'டி' குறைந்தோர் மிகுதி என்பதைத் தென்னிந்திய ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. திருப்பதியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆய்ந்தோர், வயலில் உழைப்போரைவிட நகரவாசிகளிடம் இக்குறைவு மிக்கிருக்கக் கண்டனர். சர்க்கரை நோயாளரிடமும் உடல் பருத்தோரிடமும் இச்சத்துக் குறைந்தே காணப்படுகிறது. எனவே, 'டி' மாத்திரை உண்டால் சர்க்கரையும் பருமனும் நீங்கும் என்னும் நம்பிக்கை நம்மிடையே பரவியுள்ளது. அது சரிதானா என ஆராய்வோம்.

வெயிலின் புற ஊதாக் கதிர்களுள் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் உடையவையே தோலில் இச்சத்தை ஆக்குகின்றன. பின்னர் அது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமுற்றுச் செயல்வடிவம் பெறுகிறது. சுபுஹுத் தொழுகை முடித்து உலாவி வரும் பெரியவர்கள் இச்சத்தும் சேர்ந்ததென எண்ணுவதுண்டு. உலாவுதல் நன்றே, ஆனால் சாய்ந்து வரும் காலைக் கதிரில் அவ்வலைகளைக் காற்று மண்டலம் பெரிதும் உறிஞ்சிவிடுகிறது. உச்சிவேளையை ஒட்டிய வெயிலே பயன் தருவது. கண்ணாடிச் சாளரம் அவ்வலைகளைத் தடுத்துவிடும். கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். உடல் மறைய உடுத்தும் நம் மகளிர்க்கு, வீட்டு முற்றமும் மொட்டைமாடியுமே வெயில் தரும் இடங்கள். முற்றத்தை மூடிக் கட்டும் இக்கால வழக்கம் அவற்றுள் ஒன்றைப் பறித்துவிட்டது!

ஒரே வெயிலில் நிற்கும் இருவருக்கு ஒரே அளவு சத்துச் சேர்வதில்லை. காரணங்களுள் ஒன்று மரபணு வேறுபாடு. ஐரோப்பிய வழியினர் 30,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, சில மரபணுக்களைச் சுட்டியது. அவற்றுள் ஒன்று குருதியில் இச்சத்தைச் சுமக்கும் புரதத்தை ஆக்குவது. மற்றொன்று கல்லீரல் நொதிக்கு உரியது. வேறொன்று தோலிலுள்ள மூலப்பொருளைக் கொழுப்பாக மாற்றிக் குறைப்பது.

இம்மரபணுக்களே நம் வினாவுக்கு விடைகாணும் கருவியாயின. கருவுறும்போதே அமைந்துவிடும் மரபணுவை உணவோ பழக்கமோ மாற்றுவதில்லை. 'டி' குறைவுதான் பருமனை விளைப்பதாயின், அச்சத்தைக் குறைக்கும் மரபணுக்களைப் பெற்றோர் பருத்திருத்தல் வேண்டுமன்றோ? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் தலைமையில் 2013-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 42,000 பேரிடம் இதனைச் சோதித்தது. அவர்கள் பருத்திருக்கவில்லை. மறுதலையாக, பருமனுக்கு உரிய மரபணுக்களைப் பெற்றோரிடமே 'டி' குறைந்திருந்தது. உடல்நிறைக் குறியீடு பத்து விழுக்காடு உயர்ந்தால் இச்சத்து நான்கு விழுக்காடு அளவுக்குக் குறைவதாகக் கணக்கிட்டனர். கொழுப்பில் கரையும் இச்சத்து, பருத்த உடலின் கொழுப்பில் தங்கிவிடுதல் இதற்கு ஒரு காரணமாகலாம். அவர்களும் ஐரோப்பிய வழியினரே. நம்மவரிடம் இதனை விரிவாக ஆராய்தல் வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு வருவோம். அமெரிக்காவில் அந்நோய்க்கு முன்னிலையில் இருந்த 2,423 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 4,000 அலகு 'டி' கொடுத்தனர். மற்றவர்க்கு வெற்று மாத்திரை. 2019-இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் முன்னவருள் 293 பேர்க்கும் பின்னவருள் 323 பேர்க்கும் நோய் வந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால் பயன் உறுதிப்படவில்லை. எலும்பு நலிந்தோர்க்கு இச்சத்து இன்றியமையாததே. சர்க்கரைக்கு அதனை மருந்தாகக் கொள்ளவியலாது. இந்தியர் தம் இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90, மகளிர்க்கு 80 செ.மீ. மிகாது காத்தலே முதற்கண் வேண்டுவது.

மருத்துவர் வாரம் ஒருமுறை உண்ணச் சொன்ன 60,000 அலகு மாத்திரையை நாள்தோறும் பல வாரம் விழுங்கினால், குருதியில் சுண்ணச்சத்து மிகுந்து சிறுநீரகம் பழுதுறக்கூடும். சர்க்கரை நோயாளரின் சிறுநீரகம் முன்னரே நலிந்திருக்கலாமாதலின், அவ்விடர் அவர்க்கே மிகுதி.