பள்ளி என்னுஞ் சொல்

கிளிநொச்சி மாவட்டத்துப் பச்சிலைப்பள்ளியிலே வாழும் சைவ மாணாக்கன் ஒருவன், “முஸ்லிம்களின் தொழுகையிடமும் பள்ளி, சிங்களர் கிறித்தவ ஆலயத்தைப் ‘பல்லிய’ என்பர். அங்ஙனமாயின் அச்சொல் நம்முடையதன்றோ?” என்று வினவின், ஆசிரியர் யாது விடை கூறுவர்? வெறுப்பினாலேனும் வீண்பெருமையினாலேனும் கூறும் விடை பிள்ளைக்குத் தீங்காகும். ஆதலின் அச்சொல்லை முறையே ஆராய்வாம்.

பள்ளி என்பதற்குக் கிடக்கை, உறைவிடம் என்பன அடிப்படைப் பொருள்கள். சிவாலயங்களிலுள்ள பள்ளியறையும், மணிவாசகப் பெருமான் அருளிய திருப்பள்ளியெழுச்சியும் இப்பொருளை இன்றுங் காத்து நிற்பன.

உறைவிடம் என்பதிலிருந்து ஊர் என்னும் பொருள் பிறந்தது. தெலுங்கிற் ‘பல்லெ’ என்பதும், பகரம் ஹகரமாகத் திரிந்த கன்னட ‘ஹள்ளி’ என்பதும் சிற்றூரையே குறிப்பன.

துறவிகள் உறைந்த இடமும் பள்ளியெனப்பட்டது. மதுரையை அடுத்த மாங்குளத்தில், ஏறக்குறைய கி.மு. 2ஆம் நூற்றாண்டினதாகிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமண முனிவர்க்குப் பள்ளி அமைத்தளித்தமையைக் கூறுகின்றது. அத்தகைய இடங்களிற் கல்வியும் நிகழ்ந்தமையாற் கல்விச்சாலைக்கு அப்பெயர் வந்தது என்பர் அறிஞர். வழிபாட்டிடம் என்னும் பொருளும் அவ்வழியே விரிந்தது. மலையாளத்திலே தேவாலயம், மசூதி இரண்டும் பள்ளியே.

இனி, இனம் வேறாகிய மொழிகளை நோக்குக. வடமொழியிற் ‘பல்லீ’ என்பதும் வங்காளத்திற் ‘பல்லி’ என்பதும் சிற்றூர். இவை திராவிடத்தினின்று சென்றன என்பது அறிஞர் பலர் கொள்கை. வடமொழிப் ‘பல்லீ’ சுவர்ப்பல்லியையுங் குறிக்கும். தமிழிலே ளகரமும் லகரமும் பிரித்துக் காட்டும் இரு சொற்கள், அங்கே ஒலியால் ஒன்றாயின. ஒலியொப்புமை ஒன்றே பொருளொற்றுமைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ? சிங்களப் ‘பல்லிய’ தமிழிலிருந்து சென்றதே.

ஆதலால், ஊர்ப்பெயரிற் பள்ளி வருதல் ஒன்றே கொண்டு, “அங்கே சமணர் இருந்தனர்” என்றேனும் “பிறசமயத்தார் இட்ட பெயர்” என்றேனும் துணியற்க. 1672இல் வெளிவந்த பல்தேயுவின் ஒல்லாந்த நூலிலே பச்சிலைப்பள்ளி யாழ்ப்பாணத்தின் பெரும்பிரிவுகளுள் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. உறைவிடம் என்னும் பொருளே ஊர்ப்பெயர்க்கு அமையும்.

ஆசிரியர்காள்! சமயப்பற்றின் பெயரால் ஒரு பொய்ச் சொற்பிறப்பைக் கற்பிப்பின், பிள்ளை வளர்ந்து உண்மை அறியும் நாளில் நாம் கற்பித்த மெய்களையும் ஐயுறும். பள்ளி பலர்க்கும் இடங்கொடுத்த சொல். அதனால் அது நமக்கு அயலாகிவிடவில்லை. இதனை மாணாக்கர்க்கு அஞ்சாது உரைமின்.