டேப் வாங்கிய புது நர்ஸ் பிள்ளைகளுக்கு

துணை சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளே, ரிஜிஸ்டர் சுமந்த காலம் முதல் டேப் தூக்கிய காலம் வரை கிராமத்தில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். பதிவு போட்டுவிட்டால் வைத்தியம் பார்த்ததாக ஆகாது. கீழே வருவதெல்லாம் இதன் விளக்கம்தான்.

1. போன் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பல வீடுகளில் ஒரே போன்தான். கர்ப்பிணியின் பெயருக்கு நேரே புருஷன் நம்பர் இருக்கும். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தால் ஓடிபியும் திருப்பூருக்குத்தான் போகும். வீட்டில் பகலில் யார் போன் எடுப்பார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. நோட்டைக் கைவிடாதீர்கள். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசுக் கணக்கு. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் அந்த 3,000 பேர் சின்னச் சின்ன ஊர்களாகச் சிதறிக் கிடக்கிறார்கள். டவர் கிடைக்காத இடத்தில் எழுதிக்கொண்டு வந்து, அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.

3. அளக்காத பிரஷரை 120/80 என்று நிரப்பாதீர்கள். கட்டம் காலியாக இருந்தால் டாக்டர் ஏன் என்று கேட்பார். பொய்யாக நிரம்பியிருந்தால் கேட்கவே மாட்டார். ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறும் பெண்ணுக்கு அந்தப் பொய் எமன். டார்கெட்டுக்காக யார் நெருக்கினாலும் இதில் இறங்கிவராதீர்கள்.

4. இ-சஞ்சீவனி வீடியோவில் டாக்டரைக் கூப்பிடும் முன் பிரஷர், சுகர், காய்ச்சல், நாடி, எடை எல்லாம் பார்த்து முடித்திருங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டையை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். டாக்டரால் தொட்டுப் பார்க்க முடியாது. வயிற்றை அமுக்கிப் பார்ப்பதும் கால் வீக்கத்தைப் பார்ப்பதும் உங்கள் வேலை. முதலில் நோயாளியைப் பேசவிடுங்கள். விட்டதை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

5. நெஞ்சு வலி, பாம்புக்கடி, வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, மூச்சுத் திணறல்: இவற்றுக்கு வீடியோ வேண்டாம். உடனே 108. வண்டி மேலேறி வர நேரமாகும் ஊரென்றால், எந்த வீட்டில் ஜீப் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

6. சம்மதம் கேளுங்கள். சுகாதாரப் பணியாளர் மூலம் டாக்டரிடம் பேசும்போது நோயாளியின் சம்மதத்தை வெளிப்படையாகப் பெற வேண்டும் என்று 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஆபா என்கிற 14 இலக்க சுகாதார அடையாள எண் விருப்பத்தின் பேரில் எடுப்பது. அது இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். வெள்ளைப்படுதலைப் பற்றி ஒரு பெண் பேசும்போது கதவைச் சாத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரி உள்ளே இருந்தால் அந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டாள்.

7. மருந்து இருப்பைத் தினமும் பாருங்கள். திரையில் டாக்டர் எழுதிய மாத்திரை நிலையத்தில் இல்லையென்றால் அந்தப் பேச்சு வீண். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊராரின் நம்பிக்கையைப் பெற்றதற்குக் காரணம், பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்ததுதான்.

8. பேசிய பிறகு போய்ப் பாருங்கள். மாத்திரை ஒத்துக்கொண்டதா, மேல் சிகிச்சைக்கு அனுப்பியவர் போனாரா என்று கேட்காமல் அந்தப் பதிவை முடிந்ததாகக் காட்டாதீர்கள்.

டேப்பில் பச்சை டிக் விழுந்தால் மேலதிகாரிக்கு நிம்மதி. நோயாளிக்கு நிம்மதி வந்ததா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. அதற்கு நடந்துதான் ஆக வேண்டும், பிள்ளைகளே, நடங்கள்.