பொருத்துவதா, வாங்குவதா?

நுழையும்முன்

விலை மிகுந்த பொருளை வாங்கும்போது வெளித்தோற்றத்தில் மனம் செல்வது இயல்பு. உள்ளே இருப்பதை அறிந்து வாங்குபவரே கொடுத்த பணத்துக்கு ஏற்ற பயனைப் பெறுவர். விளையாட்டுக்கும் படிப்புக்கும் ஏற்ற கணினியைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தாத்தா அனுப்பிய பணம்

டெல்லியில் மத்திய அரசுப் பணியாளர் குடியிருப்பு ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. மகள் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பயின்றாள். எட்டாம் வகுப்பில் படித்த மகனுக்குக் கணினி விளையாட்டுகளில் ஆர்வம் மிகுதி. ஊரிலிருந்து தாத்தா தம் சேமிப்பில் 60,000 ரூபாயை எடுத்து அனுப்பினார். இருவருக்கும் பயன்படும்படி ஒரு கணினி வாங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். திரையும் விசைப்பலகையும் வீட்டில் முன்பே இருந்தன.

தம்பி ஒரு விளம்பரத்தைக் காட்டினான். கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் கொண்ட கணினி. "ஐ5 செயலி, 16 ஜிபி நினைவகம், 4 ஜிபி கிராபிக்ஸ்" என்ற விவரம். விலை 22,000 ரூபாய்.

"பாதி விலைகூட இல்லை, அக்கா!" என்றான்.

"ஐ5 சரி, எந்தத் தலைமுறை ஐ5 என்று போட்டிருக்கிறதா, பார்" என்றாள் அக்கா.

விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் விடை இருந்தது. அது மூன்றாம் தலைமுறைச் செயலி. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலிருந்த ஜிடி 730 வரைகலை அட்டையோ 2014-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விண்டோஸ் 11 இயங்கு தளம் இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமானவற்றையே ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. எனவே அக்கணினி புதிய பெட்டிக்குள் வைத்த பழைய பொருளே ஆகும்.

பாகங்களும் பணிகளும்

முழு எச்டி திரையில் கிடைவாக 1920 புள்ளிகளும் செங்குத்தாக 1080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 20,73,600 புள்ளிகள். விளையாட்டு தடையின்றி ஓட நொடிக்கு 60 படங்கள் தேவை எனக் கொண்டால், ஒவ்வொரு நொடியும் 12 கோடியே 44 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடப்பட வேண்டும். இப்பணியைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை. விளையாட்டுக்கான கணினியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பணம் இதற்கே செல்வது பொருத்தம்.

மையச் செயலி விளையாட்டின் விதிகளையும் பாத்திரங்களின் அசைவையும் கணக்கிடுகிறது. சில செயலிகளுக்குள்ளேயே வரைகலைப் பகுதியும் அமைந்திருக்கும். 2021-இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி இவ்வகையைச் சார்ந்தது. எளிய விளையாட்டுகளுக்கு இத்தகைய செயலி போதும். பணம் சேர்ந்தபின் தனி அட்டையைப் பொருத்திக்கொள்ளலாம். அவ்வாறு தொடங்குவோர் 16 ஜிபி நினைவகத்தை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்குவது நன்று. தரவு இரு வழிகளில் செல்வதால் படங்களின் வேகம் கூடும்.

பலரும் கவனியாமல் விடும் பாகம் மின்வழங்கி. மற்ற எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் இதன் வழியாகவே செல்கிறது. பாகங்களுக்கு 300 வாட் தேவைப்படும்போது, 80 விழுக்காட்டுத் திறனுடைய மின்வழங்கி சுவரிலிருந்து 375 வாட் எடுக்கிறது. எஞ்சிய 75 வாட் வெப்பமாகிறது. தரமற்ற மின்வழங்கி பழுதானால் மற்ற பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும். '80 பிளஸ்' என்னும் சான்று திறனைக் குறிப்பது. அதனுடன் தயாரிப்பாளரின் நம்பகத்தன்மையையும் பார்க்க வேண்டும்.

பொருத்துதல் எவ்வாறு இயல்கிறது?

ஒரு நிறுவனத்தின் தாய்ப்பலகையில் வேறொரு நிறுவனத்தின் அட்டை எவ்வாறு பொருந்துகிறது? 1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் மின்சுற்று விவரங்களையும் நூலாக அளித்தது. பிற நிறுவனங்கள் அதற்கேற்ற அட்டைகளைச் செய்யத் தொடங்கின. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் தரம், தாய்ப்பலகையின் அளவு, திருகுத் துளைகளின் இடம், மின்வழங்கியின் இணைப்பு ஆகியவற்றை வரையறுத்தது. இப்பொது அளவுகளே இன்று வீட்டு மேசையிலும் கணினியைப் பொருத்த வழிசெய்கின்றன. செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் உரிய பொருத்துவாய் ஒன்றாக இருக்கிறதா என்பதை வாங்குமுன் உறுதி செய்தல் வேண்டும்.

மூன்று வழிகள்

முதல் வழி, பாகங்களை வாங்கித் தாமே பொருத்துதல். பணம் எங்குச் செல்கிறது என்பதை வாங்குபவரே முடிவு செய்யலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி உத்தரவாதம் உண்டு. பெட்டியில் விற்கப்படும் செயலிக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். ஆனால் கணினி இயங்காவிட்டால் எப்பாகம் பழுது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் அவருடையதே.

இரண்டாம் வழி, பெயர்பெற்ற நிறுவனத்தின் ஆயத்தக் கணினியை வாங்குதல். பழுதுக்கு ஒரே இடத்தில் முறையிடலாம். இயங்கு தளமும் பெரும்பாலும் உடன் வரும். ஆயினும் சில நிறுவனங்கள் பொதுத் தரத்துக்கு மாறான தாய்ப்பலகையையும் மின்வழங்கியையும் வைப்பதால் பிற்காலத்தில் மாற்றுதல் கடினம். விலையை எப்போதும் ஒரே முறையில் கணிக்க இயலாது. 2021-இல் சில்லுத் தட்டுப்பாட்டாலும் மறைநாணய அகழ்வாலும் வரைகலை அட்டைகளின் விலை பெரிதும் உயர்ந்தது. அக்காலத்தில் முழுக் கணினியாக வாங்குவதே பலருக்கு மலிவாக முடிந்தது.

மூன்றாம் வழி, நம் நாட்டில் பெருவழக்கு. டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் வாங்குபவர் பட்டியல் தருவார். கடைக்காரர் பாகங்களைப் பொருத்தித் தருவார்.

அப்பாவின் கேள்வி

"இரண்டு ஆண்டில் எனக்கு இடமாற்றம் வரும். அங்கே பழுதானால் யாரிடம் போவது?" என்று அப்பா கேட்டார்.

அக்கேள்வியே முடிவுக்கு வழிகாட்டியது. கடைக்காரர் வாயால் தரும் உறுதி அக்கடையோடு நின்றுவிடும். பாகங்களைத் தயாரித்த நிறுவனம் தரும் உத்தரவாதமோ ரசீதும் வரிசை எண்ணும் இருந்தால் வேறு நகரத்திலும் செல்லும். சேவை மையமே இல்லாத சிற்றூருக்கு மாற்றம் வருமெனில், வீட்டுக்கு வந்து பழுதுநீக்கும் ஆயத்தக் கணினியே ஏற்றது. அப்பா எதிர்பார்த்தவை பெருநகரங்கள். ஆகவே மூன்றாம் வழியைத் தேர்ந்தனர்.

அக்கா பட்டியல் எழுதினாள். நேரு பிளேசில் மூன்று கடைகளில் விலை கேட்டனர். ஒரு கடையில் ரசீது வேண்டாம் என்றால் 18 விழுக்காட்டு வரி மிச்சமாகும் என்றார்கள். தம்பியின் முகம் மலர்ந்தது. அப்பணத்தில் வண்ண விளக்குகள் கொண்ட பெட்டி கிடைக்கும்.

"ரசீது இல்லையென்றால் நாளைக்கு எதைக் காட்டி உத்தரவாதம் கேட்பது, தம்பி?" என்றார் அப்பா.

அடுத்த கடையில் முறையான ரசீதுடன் வாங்கினர். தரமான மின்வழங்கிக்காக விளக்குகளைக் கைவிட்டனர். தங்கள் கண்முன்னே பொருத்தச் சொல்லி, ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் ரசீதோடு ஒப்பிட்டாள் அக்கா. நினைவகத் துண்டுகளைத் தம்பியே பொருத்த, கடைக்காரர் இடமளித்தார். அன்றிரவு விளக்கில்லாத கறுப்புப் பெட்டியைக் காட்டி, உள்ளே எது எங்கே இருக்கிறது என்று அவன் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். காலிப் பெட்டிகளை எறியாமல் அப்பா பரணில் அடுக்கினார். இடமாற்றத்தின்போது வரைகலை அட்டையைக் கழற்றி அதன் பெட்டியிலேயே கொண்டுசெல்லலாம்.

தெரிந்து கொள்வோம்

குறையுள்ள பொருளை விற்றவர் மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இவ்வுரிமையைக் காக்கிறது.

சொல்லும் பொருளும்

ஆயத்தம் – முன்பே செய்து வைத்த நிலை
தாய்ப்பலகை – பாகங்கள் அனைத்தும் இணையும் பலகை
உத்தரவாதம் – பொறுப்பேற்பு உறுதி
பரண் – பொருள்களை வைக்கும் உயரமான தட்டு

பயிற்சி

1. விளம்பரத்தில் கண்ட கணினியை அக்கா ஏன் ஏற்கவில்லை?
2. ஏடிஎக்ஸ் தரம் எவற்றை வரையறுத்தது?
3. இடமாற்றம் என்னும் செய்தி குடும்பத்தின் முடிவை எவ்வாறு மாற்றியது? நீவிர் சிற்றூருக்குச் செல்வதாயின் எவ்வழியைத் தேர்வீர்? காரணம் தருக.
4. பிரித்து எழுதுக: வெளித்தோற்றம், இவ்வுரிமை, கண்முன்னே.
5. பணத்தை எவ்வாறு செலவிட்டோம் என்று தாத்தாவுக்கு அக்கா எழுதுவதுபோல் ஒரு கடிதம் வரைக.