சூரிய ஒளியில் பேட்டரி: வரவு செலவு பார்ப்போம்

கேரளாவில் வைக்கம் – தவணக்கடவு இடையே 75 பேர் ஏறும் ‘ஆதித்யா’ படகு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. கூரையில் உள்ள சோலார் பேனல் அதன் பேட்டரியை சார்ஜ் செய்கிறது. இதே முறையில் ஆவடி, பூந்தமல்லி பக்கம் நாம் நடத்தும் மாலை டிபன் வண்டிக்கும் விளக்கு போடலாம்.

குழுக் கடனில் வாங்கும்முன் கணக்குப் போடுவோம். 10 வாட் எல்.இ.டி. விளக்கு 4 மணி நேரம் எரிந்தால் செலவு 40 வாட் ஹவர் (10 × 4). 20 வாட் பேனல் 4 மணி நேர நல்ல வெயிலில் 80 வரை தரும். கொஞ்சம் வீணாகும், மேகமும் வரும். அதனால் செலவைப்போல் இருமடங்கு வரவு வேணும்.

12 வோல்ட், 20 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 240 வாட் ஹவர் இருக்கும். லெட் ஆசிட் பேட்டரியில் தினமும் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். பேட்டரி போயிடும், கடன் நிற்கும்!

கவனிக்க:

1. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு பேனலை இணைக்கணும்.

2. பேனல் தெற்குப் பார்த்துச் சற்றே சாய்வாக இருக்கட்டும். ஓரத்தில் மர நிழல் விழுந்தாலும் வரவு குறையும்.

3. தூசியை அடிக்கடி துடைக்கணும்.

போட்டதைவிட அதிகமாக எடுத்தால் நம்ம சேமிப்பு நிற்குமா? பேட்டரியும் அப்படித்தான். அடுத்த கூட்டத்துக்கு அவரவர் விளக்குச் செலவைக் கணக்கிட்டு எழுதி வாருங்கள்.