பையனைச் சிரிக்க வைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலின் முதல் அத்தியாயங்களைப் படித்தேன். நகைச்சுவை உனக்கு இயல்பாக வருகிறது. ஆனால் உன் பதினான்கு வயதுப் பையன் வரிக்கு வரி அப்பாவைக் கிண்டல் செய்கிறான். அந்த வயதில் யாரும் தன்னையும் தன் வீட்டையும் அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

சூ டவுன்செண்ட் 1982இல் வெளியிட்ட ஏட்ரியன் மோலின் டைரி நாவலைத் தேடிப் படி. டவுன்செண்ட் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்காரர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். தான் எழுதுவதையே பல வருடம் வெளியே சொல்லாதவர். அவருடைய ஏட்ரியனுக்கு வயது பதின்மூன்றே முக்கால். தான் ஓர் அறிவுஜீவி என்று மனதார நம்புகிறான். பி.பி.சி.க்குக் கவிதை அனுப்புகிறான். எனக்குத் தெரிந்து அவன் சிரிக்க வைப்பதற்காக எதையும் எழுதவில்லை.

அவன் அறைச் சுவரில் நோடி பொம்மைப் படம் போட்ட காகிதம் ஒட்டியிருக்கிறது. சின்னப்பிள்ளைச் சமாசாரம் என்று கறுப்புப் பெயிண்ட் அடிக்கிறான். மறுபடியும் அடிக்கிறான். அப்படியும் நோடியின் தொப்பி மணிகள் எட்டிப் பார்க்கின்றன. கறுப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு மணியாகத் தீட்டி, இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்கு எழுதுகிறான். அவனுக்கு அது வேலை. விழுந்து விழுந்து சிரிப்பது நாம்தான்.

அவன் அம்மாவின் கதையும் அப்படித்தான். பக்கத்து வீட்டு லூக்கஸ் வந்துபோவதை அவன் கண்ணில் பட்டபடியே குறித்து வைக்கிறான். நமக்கு விஷயம் புரிந்து பல பக்கங்கள் கழித்துத்தான் அவனுக்குப் புரிகிறது. அம்மா லூக்கஸோடு ஷெஃபீல்டுக்குப் போய்விடுகிறாள். அப்பாவுக்கு வேலை போகிறது. 1981இன் வேலையில்லாத் திண்டாட்டமும் சார்லஸ்–டயானா கல்யாணமும் டைரியில் உண்டு. அவன் முகப்பருவுக்கும் அவற்றுக்குச் சமமான இடம் உண்டு. பெர்ட் பாக்ஸ்டர் என்ற முரட்டுக் கிழவருக்குத் துணையாகப் போகிறான். புலம்பிக்கொண்டேதான் போகிறான், ஆனால் போவதை நிறுத்துவதில்லை. எனக்கு அவன்மேல் பாசம் வந்தது அங்கேதான்.

நீயும் இப்படி முயன்று பார். உன் நான்காம் அத்தியாயத்தில் அப்பா கடைச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வருகிறாரே, அதை மாற்றி எழுது. பையனுக்கு அன்று கணக்குப் பரீட்சைத் தாளை ஒளிக்க வேண்டும். அப்பா ஏன் இப்போது வந்து தொலைத்தார் என்ற எரிச்சல் மட்டும் அவனுக்கு இருக்கட்டும். சாவி இல்லாத கையை அவன் பார்க்கட்டும், யோசிக்க வேண்டாம். மற்ற அத்தியாயங்களைத் தொடாமல், இதை மட்டும் முடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்