பின்வரிசையில் பாடுகிறவர்களைக் கேளுங்கள்

பள்ளிக்கூடப் பாடற்குழு ஒன்றைப் பற்றிய தொடரை நாலு பேர் சேர்ந்து பார்த்தால், முடிந்ததும் பேச்சு எங்கே போய் நிற்கும்? யார் யாரைக் காதலிக்கிறார்கள், யாருக்கு யார் பொருத்தம் என்பதில்தான். ‘க்ளீ’ ரசிகர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். ஏற்காடு ஒண்டிக்கடையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிற கூட்டமும் அப்படித்தான் தொடங்கியது. தேவாலயப் பாடற்குழுவில் நான் பாட்டு சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள், எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கும் ஓரிருவர், சேலத்தில் கல்லூரிக்குப் போய்விட்டு வார இறுதியில் மலையேறி வருகிறவர்கள் என்று கலவையான கூட்டம். ஃபின்னுக்கு ரேச்சலா க்வின்னா என்று ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். அந்த எபிசோடில் வந்த பாட்டுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பாட்டுதான் அந்தத் தொடரின் உயிர். அதைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்ட பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளே மாறிவிட்டன. இதே மாதிரி ஒரு கூட்டம் சேர்க்க நினைக்கிறவர்களுக்காக, எங்களுக்குப் பலித்ததைச் சொல்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2009 மே 19 அன்று முதல் எபிசோட் வந்தது. 2015 மார்ச்சில் முடிந்தது. ஆறு சீசன், 121 எபிசோட். ஒஹாயோ மாநிலத்தில் லைமா என்ற ஊர், அங்கே மெக்கின்லி உயர்நிலைப் பள்ளி. ஸ்பானிஷ் வாத்தியார் வில் ஷூஸ்டர் ஒருவரும் மதிக்காத பாடற்குழுவைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார். சியர்லீடர் பயிற்சியாளர் சூ சில்வெஸ்டர் அதை இழுத்து மூடப் பார்க்கிறார். சூவாக வந்த ஜேன் லின்சுக்கு 2010-இல் எம்மி விருது கிடைத்தது. ரயன் மர்ஃபி, பிராட் ஃபால்சக், இயன் பிரென்னன் மூவரும் உருவாக்கிய தொடர்.

முதல் ஏற்பாடு இது. எபிசோட் முடிந்ததும் கதையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை ஏன் அந்தப் பாத்திரம் அந்த இடத்தில் பாடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘நல்லா இருந்துச்சு’ என்பது பதிலாகாது. இந்த ஒரு கேள்வி போதும், காதல் பஞ்சாயத்துகூட வேறு வழியில் தானாக வந்து சேரும். வரும்போது பாட்டின் வழியாக வரும்.

இதற்கு நல்ல பாடம் முதல் சீசனில் வரும் ‘வீல்ஸ்’ எபிசோட். ‘விக்கெட்’ இசை நாடகத்தின் ‘டிஃபையிங் கிராவிட்டி’ பாட்டுக்கு ரேச்சலும் கர்ட்டும் போட்டி போடுகிறார்கள். அது பெண் குரலுக்கான பாட்டு என்பதால் கர்ட்டுக்கு முதலில் வாய்ப்பே தருவதில்லை. போராடி வாங்குகிறான். கடைசியில் அந்த உச்ச ஸ்வரத்தை வேண்டுமென்றே தவறவிடுகிறான். தன்னால் அப்பாவுக்கு மிரட்டல் ஃபோன் வந்தது தெரிந்து, அப்பாவைக் காப்பாற்ற. கர்ட்டாக நடித்த கிறிஸ் கோல்ஃபர் தன் பள்ளியில் இதே பாட்டைப் பாடக் கேட்டு, பையன் என்பதால் மறுக்கப்பட்டவர். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்தக் கதையே எழுதப்பட்டது. அன்று எங்கள் மாடியில் ஒரு பையன், ‘அக்கா, அவன் தப்பு பண்ணல, தப்பு மாதிரி பாடுறான், அதுக்குத்தான் ரொம்பத் திறமை வேணும்’ என்றான். கையை உயர்த்திப் பாடுகிற உச்சத்தைப் பார்த்து மட்டுமே கைதட்டிப் பழகியவன் அவன்.

அடுத்து, நடுவர் தோரணை. இது நம் ஊருக்கே உரிய சிக்கல். விஜய் டிவியில் 2006-இல் தொடங்கிய ‘சூப்பர் சிங்கர்’ நம் வீட்டுப் பிள்ளைகளின் காதைக் கூர்மையாக்கியது உண்மை. சுருதி, சங்கதி, ஃபீல் என்று பத்து வயதுப் பிள்ளை பேசுகிறது. கூடவே எந்தக் குரலைக் கேட்டாலும் மார்க் போடும் பழக்கமும் வந்துவிட்டது. அந்த நிகழ்ச்சி தனிக்குரலுக்கானது; ஒருவர் நிற்பார், மற்றவர்கள் வெளியேறுவார்கள். பாடற்குழுவில் ஒருவரும் வெளியேறக் கூடாது. அதனால் எங்கள் கூட்டத்தில் மார்க் போடுவதை நிறுத்திவிட்டு, காதில் விழுந்ததை மட்டும் சொல்லச் சொன்னேன். ‘ரெண்டாவது சரணத்துல பொண்ணுங்க குரல் நின்னு பசங்க மட்டும் பாடுறாங்க’, ‘இங்க பியானோ நின்னுடுது’ என்கிற மாதிரி. ஆரம்பத்தில் தடுமாறினார்கள். பிறகு எனக்கே கேட்காததெல்லாம் அவர்களுக்குக் கேட்கத் தொடங்கியது.

தனிப்பாட்டு யாருக்கு என்ற வழக்கு எல்லாப் பாடற்குழுவிலும் உண்டு. ‘க்ளீ’ ரசிகர்களிடையே இன்றும் ஓயாத வாக்குவாதம் மெர்சிடிஸ் பற்றியது. ஆம்பர் ரைலியின் அந்தக் கனத்த குரலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை எபிசோடில் அவரைப் பின்னால் நிறுத்தி ‘ஊ’ பாட வைத்தார்கள்! மூன்றாம் சீசனில் மெர்சிடிஸ் பொறுக்க முடியாமல் குழுவைவிட்டே விலகி வேறு குழுவில் சேர்கிறாள். அந்த எபிசோடைப் பார்த்த அன்று எங்கள் ஆல்டோ பாடும் பெண் ஒருத்தி, ‘நானா இருந்தா முதல் சீசன்லயே போயிருப்பேன்க்கா’ என்றாள். பண்டிகைப் பாட்டுகளில் பல வருஷம் இரண்டாம் குரலே பாடி வந்தவள் அவள். அப்படி ஒரு சொல் விழும்போது கூட்டம் நடத்துகிறவர் ‘அதெல்லாம் அப்படி இல்லம்மா’ என்று பூசி மெழுகக் கூடாது. தொடரைச் சாக்காக வைத்துச் சொந்த வலியைச் சொல்லியிருக்கிறாள். கேட்க வேண்டும், செய்ய முடிந்ததைச் செய்ய வேண்டும். இப்போது எங்கள் குழுவில் தனிப்பாட்டு முறை வைத்துச் சுற்றி வருகிறது.

இங்கே எம்.பி.சீனிவாசனைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைத்தேன். மலையாளப் படங்களுக்கு நிறைய இசையமைத்தவர். 1970-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவைச் சென்னையில் உருவாக்கியவர். முழுநேரப் பாடகர்கள் இல்லாத குழு. பாரதி பாட்டுகளையும் இந்தியாவின் பல மொழிப் பாட்டுகளையும் பல குரல்களாகப் பிரித்துப் பாடியது. 1988-இல் அவர் மறைந்தார். நட்சத்திரம் ஒருவர் இல்லாமலே ஒரு குழு நிற்கும் என்று காட்ட நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. இரண்டு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று போவதைத் தமிழிலேயே கேட்க வேண்டுமென்றால் ‘சிட்டுக்குருவி’ படத்தில் இளையராஜா செய்த ‘என் கண்மணி’யைப் போடுங்கள். அதைக் கேட்ட பிறகு ‘க்ளீ’யின் இரட்டைக்குரல் பாட்டுகளைக் கேட்டால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒலி எப்படி உண்டாக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். இது முக்கியம். அந்தத் தொடரில் நடிகர்கள் முன்கூட்டியே ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் வாயசைத்தார்கள். இரண்டாம் சீசனில் நீலக் கோட்டு போட்டு வரும் வார்ப்ளர்ஸ் பையன்கள் வாத்தியமே இல்லாமல் பாடுகிறார்களே, அந்தப் பின்னணிக் குரல்கள் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பீல்செபப்ஸ் என்ற நிஜ மாணவர் குழுவுடையவை. ஓரமாக உட்கார்ந்து பியானோ வாசிக்கும் மனிதர் பிராட் எல்லிஸ் நிஜமான இசைக்கலைஞர். இதையெல்லாம் சொன்னதும் ஒரு பெண், ‘அப்போ நாமளும் அப்படிப் பாட முடியலன்னு வருத்தப்பட வேண்டியதில்லையே’ என்று மூச்சுவிட்டாள். வாரம் ஒரு எபிசோடில் ஆறேழு பாட்டு பழுதில்லாமல் வந்துவிடுவதைப் பார்த்து, ஒத்திகை என்பதே தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள் பிள்ளைகள்.

பாட்டை யார் அமைத்தார்கள் என்று கேட்கும் பழக்கத்தையும் வளர்க்கலாம். 2013 ஜனவரியில் இந்தத் தொடரில் வந்த ‘பேபி காட் பேக்’ பாட்டின் அமைப்பு, ஜோனதன் கோல்ட்டன் என்ற பாடகர் 2005-இல் செய்ததையே ஒத்திருந்தது. அவர் பெயர் எங்கும் போடப்படவில்லை. ரசிகர்கள்தான் கண்டுபிடித்துக் குரல் எழுப்பினார்கள். நன்றாகக் காதைத் தீட்டிய ரசிகர் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி, பாடிப் பார்ப்பது. ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் தொடரின் பாட்டுகளில் ஒன்றையாவது சேர்ந்து பாடிப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நாங்கள் எடுத்தது முதல் எபிசோடின் முடிவில் வரும் ‘டோன்ட் ஸ்டாப் பிலீவிங்’. ஜர்னி என்ற ராக் குழு 1981-இல் பாடியது. மூலத்தில் பியானோ வாசிக்கும் தொடக்கத்தைத் தொடரில் பின்வரிசைக் குரல்களே ‘டா டா டா’ என்று பாடும். கேட்கச் சுலபம். பாடினால் மூச்சு வாங்கும். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்ததால் அந்த இடம் மட்டும் தொப்பென்று விழுந்தது. ஃபோனை அறைக்கு நடுவே வைத்துப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன், அவர்களுக்கே புரிந்தது. பிறகு பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நீ எடுக்காதே என்று ஜோடி ஜோடியாக உட்கார வைத்தேன். சொல்லின் நடுவில் வேண்டுமானாலும் எடு, சத்தமில்லாமல் எடு, திரும்ப நுழையும்போது மெதுவாக நுழை. இதைச் செய்ததும் பாட்டு அறுபடாமல் ஓடியது. அதற்குப் பிறகு தொடரைப் பார்க்கும்போது எல்லோர் கண்ணும் முன்னால் நிற்கும் ரேச்சலைவிட்டு, பின்னால் நிற்கிறவர்களிடம் போனது.

இன்னும் சில: மூலப் பாட்டின் சுருதியிலேயே பாட வேண்டும் என்று கட்டாயமில்லை. பிள்ளைகளின் குரலுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். நடுக்குரல் பாடுகிறவர்களைச் சிதறவிடாமல் ஒன்றாக உட்கார வையுங்கள், அவர்கள்தான் முதலில் மெட்டின் பக்கம் வழுக்கிப் போவார்கள். சோல்ஃபா தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் சபையில் இருந்தால் விடாதீர்கள். நாலு குரலையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். பனி இறங்கும் மாதங்களில் வந்த உடனே மேல் ஸ்தாயிக்குப் போக விடாதீர்கள். வாயை மூடி முனகுவதில் தொடங்கி, குரல் இளகிய பிறகு பாடலாம்.

ஏற்காட்டில் நேரமும் ஒரு பாடுதான். மே மாதக் கோடை விழா நாட்களில் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் வண்டி நகராது, அப்போது கூட்டத்தை வார நாளுக்கு மாற்றிவிடுவோம். நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் போவதற்குள் முடித்துவிட வேண்டும். கதை எங்கே நிற்கிறது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். வீட்டில் சிக்னல் கிடைக்காமல் பின்தங்கியவர் எந்த எபிசோட் வரை பார்த்திருக்கிறாரோ அதுவரைதான் பேச்சு. முழுத் தொடரையும் முடித்தவர் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது பள்ளிக்கூடக் கதை என்றாலும் சின்னப் பிள்ளைகளுக்கான தொடர் அல்ல. பதின்ம வயதுக் கர்ப்பம், உடலுறவு, தற்கொலை முயற்சி எல்லாம் வருகிறது. நான் முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். அந்த விஷயங்களை மறைத்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை; பேச ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபின்னாக நடித்த கோரி மான்டித் 2013 ஜூலையில், 31 வயதில் போதைப்பொருளால் இறந்தார். அவருக்காக எடுத்த ‘தி குவார்ட்டர்பேக்’ எபிசோட் அந்த ஆண்டு அக்டோபரில் வந்தது. அதில் ஃபின் எப்படி இறந்தான் என்று சொல்லவே மாட்டார்கள். சான்டானாவாக அதில் மனமுருகிப் பாடிய நயா ரிவேராவும் 2020 ஜூலையில் ஏரியில் மூழ்கி இறந்துவிட்டார். இந்த எபிசோடைப் போடும் நாளில் வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் படித்த வம்புகளை யாராவது எடுத்தால் மெதுவாக நிறுத்துங்கள். போதைப் பழக்கத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். எங்களிடம் கேட்டார்கள், சொன்னோம்.

121 எபிசோடையும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். முதல் சீசனை முழுதாகப் பாருங்கள். அதன் முடிவில் குழு போட்டியில் தோற்றுப்போகும், அதுதான் அந்தத் தொடரின் நேர்மையான இடம். இரண்டாவதையும் மூன்றாவதையும் பொறுக்கிப் பார்க்கலாம். நான்காவதிலிருந்து கதை நியூயார்க்குக்கும் லைமாவுக்கும் இடையே அலைகிறது. எனக்கு அதில் பிடிமானம் கிடைக்கவில்லை. ஆனால் கடைசி சீசனில் ‘2009’ என்ற எபிசோடை விட்டுவிடாதீர்கள். முதல் எபிசோடில் நடந்ததையே மற்றப் பிள்ளைகள் எப்படி இந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்ற பக்கத்திலிருந்து சொல்கிறது. அதற்கு முன்னால் முதல் எபிசோடை மறுபடியும் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ இடைவேளை விட்டு, ஆர்ட்டி, டீனா, மெர்சிடிஸ் மூவரும் முதல் தடவை எத்தனை வரி தனியாகப் பாடினார்கள் என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.